சம்பளமில்லாத லீவில் விமானி: காப்புறுதி அட்டை இன்னும் செல்லுமா?

கேள்வி: கல்லடியிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் துபாயில் ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானி. நான்கு வருடமாக அங்கே வேலை. பறப்புகள் குறைந்துவிட்டன என்று சொல்லி, மூன்று மாதங்களுக்கு முன் சம்பளமில்லாத விடுமுறையில் அனுப்பிவிட்டார்கள். திரும்ப எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்லவில்லை. குடும்பமாக ஊருக்கு வந்துவிட்டோம். நான் ஆறு மாதக் கர்ப்பிணி. எங்களோடு இருக்கும் மாமிக்கு நீரிழிவும் பிரஷரும் உண்டு. கம்பனி தந்த மருத்துவக் காப்புறுதி அட்டை கையில் இருக்கிறது, ஆனால் செல்லுமா என்று தெரியவில்லை. புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லி ஒரு முகவர் ஓயாமல் போன் பண்ணுகிறார். கணவரின் தங்கைக்குக் கட்டும் வீட்டுக்கு வங்கிக் கடனும் போகிறது. பேசாமல் வேலையை விட்டுவிட்டு, வரும் காசை வாங்கிவிடலாமா என்று அவர் யோசிக்கிறார். இரவில் தூங்குவதே இல்லை. எதை முதலில் செய்வது?

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. உங்கள் கணவர் இராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். மற்றதையெல்லாம் ஆறுதலாகப் பார்க்கலாம், இதைத் திருப்பி எடுக்க முடியாது.

காரணம் இதுதான். சம்பளமில்லாத விடுமுறையில் இருப்பவர் சட்டப்படி இன்னும் ஊழியர். விசா, காப்புறுதி, திரும்பக் கூப்பிடும்போது வரிசையில் ஓர் இடம், மூன்றும் அந்த ஒரு நிலையில்தான் தொங்குகின்றன. துபாய் அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023 ஜனவரியிலிருந்து ஊழியர்களுக்கு வேலை இழப்புக் காப்புறுதி கட்டாயம். மாதம் சில திர்ஹாம் கட்டி அவரும் அதில் சேர்ந்திருப்பார். நிறுவனம் தானாக வேலையை விட்டு நிறுத்தினால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், அதிகபட்சம் 3 மாதத்துக்குக் கிடைக்கும். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹாமுக்கு மேல் என்றால் மாதம் 20,000 திர்ஹாம் வரைதான். ஆனால் தானாக வேலையை விட்டவருக்கு ஒரு சதமும் இல்லை. தொடர்ந்து 12 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும், வேலை போய் 30 நாளுக்குள் கோர வேண்டும், அந்த நேரம் அமீரகத்துக்குள் சட்டப்படி இருக்கவும் வேண்டும். சம்பளமில்லாத விடுமுறைக்கு இந்தக் காப்புறுதி காசு தராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆகவே அந்தச் சந்தா நின்றுவிடாமல் கட்டுவதுதான் இப்போதைய வேலை.

"வரும் காசு" என்று அவர் நினைப்பது சேவைக்காலப் பணிக்கொடை. அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். நான்கு வருடம் என்றால் 84 நாள், அதாவது மூன்று மாத அடிப்படைச் சம்பளத்துக்கும் சற்றுக் குறைவு. சம்பளமில்லாமல் இருந்த நாட்கள் கணக்கில் சேராது. அந்தப் பணம் எங்கும் ஓடிப்போகாது. என்றைக்கு வேலை முடிந்தாலும் வரும். அதற்காக மற்ற எல்லாவற்றையும் இன்றே அறுத்துவிடுவது நல்ல வியாபாரம் இல்லை.

இனி விசா. மருத்துவக் காப்புறுதியைப் பற்றிக் கேட்டவருக்கு ஏன் விசாவைச் சொல்கிறேன் என்றால், அங்கே காப்புறுதி விசாவோடு கட்டப்பட்டது. சாதாரண வதிவிட விசாவில் இருப்பவர் தொடர்ந்து 180 நாட்களுக்கு மேல் அமீரகத்துக்கு வெளியே இருந்தால் அந்த விசா செல்லுபடியாகாமல் போய்விடும். மூன்று மாதம் ஏற்கெனவே போய்விட்டது. உங்கள் கணவர் 180 நாள் முடிவதற்குள் ஒரு தடவை போய்த் தலைகாட்டிவிட்டு வர வேண்டும். டிக்கெட் செலவு கனதிதான், ஆனாலும் இந்தச் செலவைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் போக வேண்டாம். அந்த நாள் வரும்போது உங்களுக்கு ஒன்பதாம் மாதம் நடக்கும். ஒற்றைக் குழந்தை என்றால்கூட 36 வாரத்துக்குப் பிறகு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், 28 வாரம் தாண்டினாலே வைத்தியரின் கடிதம் கேட்பார்கள். உங்கள் விசாவுக்குத் தகுந்த காரணம் காட்டி மீள்நுழைவு அனுமதி கேட்கும் வழி இருக்கிறது. அதுவும் சரிவராவிட்டால், அவர் விசா உயிரோடு இருக்கும்வரை உங்களுக்குப் புதிதாக எடுக்கலாம்.

சரி, அட்டை செல்லுமா? அட்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதில் அச்சடித்த முடிவுத் திகதி ஒன்று இருக்கும். நிறுவனம் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் அந்தத் திகதிக்கு ஒரு பெறுமதியும் இல்லை. ஆகவே கணவர் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். சம்பளமில்லாத விடுமுறையில் இருக்கும்போது எனக்கும் என் மனைவிக்கும் காப்புறுதி தொடர்கிறதா, எந்தத் திகதி வரை, இலங்கையில் சிகிச்சை பெற்றால் செல்லுமா, பிரசவச் செலவு அடங்குமா, பில் அனுப்பக் கடைசி நாள் எது என்று கேட்டால் போதும். போனில் கேட்டு "ஓம், இருக்கும்" என்று யாரோ சொன்னதை நம்பி இருக்க வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். பல திட்டங்கள் வேறு நாட்டில் அவசர சிகிச்சைக்கு மட்டும்தான் காசு தரும், திகதி குறித்த பிரசவத்தை அவசரம் என்று எடுக்க மாட்டார்கள். மாமியின் பெயர் பெரும்பாலும் அதில் இருக்காது. கம்பனிக் காப்புறுதிகள் மனைவி, பிள்ளைகளோடு நின்றுவிடுவதுதான் வழக்கம்.

அந்த முகவருக்கு இப்போதைக்கு "வேண்டாம்" என்று சொல்லுங்கள். காப்புறுதியே வேண்டாம் என்பதல்ல. உங்களுக்குத் தேவையான இரண்டையும் புதுக் காப்புறுதி இப்போது தராது. ஏற்கெனவே உண்டான கர்ப்பத்துக்கு அவை காசு கொடுப்பதில்லை. மாமிக்கு இருக்கும் நீரிழிவையும் பிரஷரையும் ஒன்றில் முற்றாக விலக்குவார்கள், இல்லாவிட்டால் காத்திருப்புக் காலம் வைப்பார்கள். மறைத்து எடுத்தாலோ, பிறகு கோரிக்கையை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும். கையில் காசு குறைந்த நேரத்தில், பலன் தராத ஒன்றுக்கு மாதாமாதம் கட்டுவதைவிட அதை வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்வது நல்லது. குழந்தை பிறந்து கைக்குக் காசு வந்த பிறகு, ஆறுதலாக வாசித்துப் பார்த்து ஒன்றை எடுங்கள்.

அதுவரைக்கும் என்ன செய்வது? மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உங்கள் வீட்டிலிருந்து பாலம் தாண்டினால் வந்துவிடும். பிரசவம், சிசேரியன், குறைமாதக் குழந்தைக்கான பராமரிப்பு எல்லாம் அங்கே இலவசம். இன்னும் பதியாவிட்டால் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் இந்தக் கிழமையே பதியுங்கள். துபாயில் எடுத்த ஸ்கேன், இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையெல்லாம் கொண்டுபோய்க் காட்டுங்கள். விமானியின் மனைவி தர்மாஸ்பத்திரி வரிசையிலா என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். சிக்கலான பிரசவம் என்றால் தனியார் மருத்துவமனையிலிருந்தும் கடைசியில் அங்கேதான் கொண்டுவருவார்கள். மாமியையும் கிளினிக்கில் பதிந்துவிடுங்கள், மருந்து மாதாமாதம் கிடைக்கும். சில நாட்களில் ஏதாவது ஒரு குளிசை வெளியே வாங்க வேண்டி வரும், அதற்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். காசைப் பார்த்து மாமி குளிசையைப் பாதியாக்கிப் போடுகிறாரா என்று ஒரு கண் வைத்திருங்கள். இப்படியான வீடுகளில் வயதானவர்கள் யாரிடமும் சொல்லாமல் அதைச் செய்துவிடுகிறார்கள். பெரிய சத்திரசிகிச்சை ஏதும் தேவைப்பட்டால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025 முதல் அதற்குக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை, பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம்.

கடனுக்கு வருகிறேன். தவணை தவறுவதற்கு முன் வங்கி மேலாளரிடம் போங்கள். தவறிய பிறகு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும், வங்கிகள் கடன் வரலாற்றைப் பார்க்கும் கடன் தகவல் பணியகத்திலும் பதிவாகிவிடும். விடுமுறைக் கடிதத்தைக் காட்டி, ஆறு மாதத்துக்கு வட்டியை மட்டும் கட்டலாமா என்று கேளுங்கள். தவணையை முழுதாக நிறுத்தித் தந்தால் வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும், பிறகு சுமை கூடும். வங்கி நியாயமாக நடக்கவில்லை என்று பட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு முறையிடலாம். துபாயில் கார்க் கடன், கிரெடிட் கார்ட் பாக்கி இருந்தால் அதையும் பேசித் தீர்க்க வேண்டும். விட்டுவிட்டால் வழக்கு, பயணத் தடை வரை போகும், திரும்ப வேலைக்குப் போகும் வழியும் அடைபடும்.

தங்கையின் வீட்டைப் பற்றிச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நம் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு என்பது குடும்பத்தின் மானத்தோடு சேர்ந்த விஷயம். ஆனாலும் மாரி மழைக்கு முன் கூரையைப் போட்டு மூடிவிட்டு, மாபிளும் பெயின்றும் அப்படியே நிற்கட்டும். நகையை வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் வங்கியில் வையுங்கள், அதுவும் கூரைக்கும் துபாய் டிக்கெட்டுக்கும் மட்டும். ஊரில் வட்டிக்கு வாங்க வேண்டாம்.

இதை வாசிக்கும் வேறு சிலருக்கு ஒரு வார்த்தை. இலங்கை நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்குச் சட்டம் வேறு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஊழியரின் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஒழுக்காற்றுக் காரணமின்றி வேலையை நிறுத்த முடியாது. தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும் அதில் அடங்கும். ஆகவே சம்பளமில்லாத விடுமுறைக்குச் சம்மதம் என்று ஒரு தாளை நீட்டினால், வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டுக்கு ஆறு மாத எல்லை உண்டு.

கடைசியாக உங்கள் கணவர். விமானிக்கு உடம்பும் மனமும்தான் மூலதனம். முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் பொதுவாக 12 மாதத்துக்குத்தான் செல்லும். அது எப்போது முடிகிறது என்று பாருங்கள், இலங்கையில் யாரிடம் பரிசோதித்தால் ஏற்பார்கள் என்று அவருக்கு உரிமம் கொடுத்த அதிகார சபையிடம் கேட்டு வையுங்கள். கூப்பிடும்போது சான்றிதழ் கையில் உள்ளவரைத்தான் முதலில் எடுப்பார்கள். உரிம இழப்புக் காப்புறுதி என்று ஒன்று வைத்திருந்தால், அது வேலை போனதற்குக் காசு தராது, நோயால் பறக்கத் தகுதி போனால்தான் தரும். அதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள். மன அழுத்தமும் நித்திரையின்மையும் உள்ள இந்த மாதங்களில்தான் அது தேவைப்படலாம்.

தூங்காமல் இருப்பதை அவர் வைத்தியரிடம் சொல்லத் தயங்குவார். சொன்னால் உரிமம் போய்விடும் என்ற பயம் விமானிகளுக்கு நிறைய. கவலையால் நித்திரை வராமல் வைத்தியரைப் பார்த்த ஒரே காரணத்தால் யாருக்கும் நிரந்தரமாக உரிமம் போவதில்லை. மறைத்து, பாமசியில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டால்தான் பிரச்சினை பெரிதாகும். எடுக்கும் மருந்தையெல்லாம் அடுத்த பரிசோதனையில் சொல்ல வேண்டும். போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் போனில் பேசினால் போதும் என்று அவர் நினைத்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. அவர் சாப்பாட்டை வெறுத்தாலோ, நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நல்லது என்பதுபோலப் பேசினாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள்.