பிடிக்காத வேலையை விட முடியாதபோது என்ன செய்வது?

வீட்டுக்கடன் இருப்பதால் பிடிக்காத வேலையை இப்போதைக்கு விட முடியாது என்கிறீர்கள். முதலில், கசப்பது எது என்று பிரித்துப் பாருங்கள்: வேலையா, மேலாளரா, போய்வரும் தூரமா? கணக்குப் பிரிவில் 4 வருடம் வெறுப்போடு இருந்தவன் நான். உண்மையில் என்னை வாட்டியது மாதக் கடைசி அவசரம்தான். புதியவர்களுக்கு எக்ஸெல் சொல்லித்தரும் பொறுப்பைக் கேட்டு வாங்கினேன். காலையில் கிளம்பும்போது இருந்த பாரம் குறைந்தது.

அமெரிக்க மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி ஆய்வாளர்கள் ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் எழுதியதும் இதையே காட்டுகிறது. ஒரே வேலைதான்; நோயாளிகளோடு பேசிப் பழகியவர்கள் அதை மதிப்புள்ளதாக உணர்ந்தார்கள்.

ஆனால் அவமானப்படுத்தும் இடமென்றால் பொறுக்காதீர்கள், இன்றே வேறு வேலை தேடத் தொடங்குங்கள். மாறும்போது பிஎஃப் பணத்தை எடுத்துவிடாமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். 5 வருடத் தொடர் பணி முடியும் முன் எடுத்தால் வரி வரும்.