பழைய ஸ்காண்டிநேவிய கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருட்களைச் சேகரிக்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்? பழசு எது, புதுசு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வைக்கோலிலிருந்து தொடங்குங்கள் என்பேன். விலை குறைவு, போலியும் குறைவு.

நான் இருப்பது ஸ்வீடனில். கோடையில் கிராமத்துப் பக்கம் போனால் லோப்பிஸ் என்கிற பழைய சாமான் சந்தைகளை விடமாட்டேன். ஜூலை வெயிலில் கிறிஸ்துமஸ் பெட்டியை யாரும் சீண்டுவதில்லை என்பதால் விலை படியும். அதே சாமான் நவம்பரில் இணைய ஏலத்துக்கு வந்தால் எங்கேயோ போய்விடும்.

முதலில் தேட வேண்டியது யூல்பொக், அதாவது வைக்கோல் கிடா. ஒரு காலத்தில் இங்கே பண்டிகைக்கு வீட்டுத் தரையெல்லாம் வைக்கோல் பரப்பி, அதன் மேலேயே படுத்துத் தூங்குவார்கள். அந்த வழக்கம் போய்விட்டது, பொம்மை மட்டும் மிச்சம். யேவ்லே நகரத்தில் 1966 முதல் 13 மீட்டர் உயரத்துக்கு ஒரு கிடாவைக் கட்டி நிறுத்துகிறார்கள். முதல் கிடாவே அந்த வருடத்தின் கடைசி இரவில் எரிந்துபோனது. யாராவது வந்து கொளுத்துவதும் அப்புறம் ஊர் வழக்கம் மாதிரியே ஆகிவிட்டது!

கிடாவின் வயதை வைக்கோலின் நிறத்தில் பார்க்காதீர்கள். ஜன்னலோரம் கொஞ்ச நாள் வைத்தாலே நிறம் மாறிவிடும். சுற்றியிருக்கும் சிவப்பு ரிப்பனைப் பாருங்கள். முடிச்சை நகத்தால் லேசாக ஒதுக்கினால் தெரியும்: வெளியே ரோஜா நிறத்துக்கு வெளுத்து, மடிப்புக்குள் மட்டும் நல்ல சிவப்பாக இருந்தால் அந்த ரிப்பன் பல வருஷம் அங்கேயே இருந்திருக்கிறது. எல்லா இடமும் ஒரே சிவப்பாகப் பளபளத்தால் கிடா புதுசு, இல்லையென்றால் ரிப்பன் மாற்றியது. கதிரில் மணி உதிர்ந்திருப்பதெல்லாம் ஒரு குறையே இல்லை. எலி கடித்த தடம் இருந்தால் மட்டும் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தது காகிதம். டென்மார்க்கில் இரண்டு நிறத் தாளைப் பின்னி இதய வடிவக் கூடை செய்து மரத்தில் மாட்டுவார்கள். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860இல் செய்த ஒன்று இன்னும் இருக்கிறது. தெரிந்தவற்றில் அதுதான் மிகப் பழையது. எனக்கு அதைவிடப் பிடித்தது கிராவ்லநிஸ்ஸே. சிவப்புக் குல்லாய் போட்ட நிஸ்ஸே என்ற வீட்டுக் குட்டிச்சாத்தான்களை அச்சிட்ட தாள் இது. வெட்டியெடுத்துப் புத்தக அலமாரியிலும் படச் சட்டத்திலும் ஏறுகிற மாதிரி வைப்பார்கள். 1947இல் ஃபிரெடெரிக் பிராம்மிங் வரைந்ததிலிருந்து தொடங்கிய வழக்கம். பழைய தாள் ஒன்று வெட்டாமல் அப்படியே கிடைத்தால் நான் பேரமே பேசமாட்டேன்.

தாலா குதிரையைக் கிறிஸ்துமஸ் பொருள் என்று சொல்லித் தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஜாக்கிரதை. அது நுஸ்னேஸ் கிராமத்தில் வருஷம் முழுக்கச் செய்கிற மரக்குதிரை. அழகுதான், அதற்காகப் பண்டிகை விலை எதற்கு?

18, 19ஆம் நூற்றாண்டுகளில் தென் ஸ்வீடன் விவசாயிகள் பண்டிகைக்கு மட்டும் சுவரில் தொங்கவிட்ட ஓவியத் துணிகள் நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. அவற்றில் பைபிளின் மூன்று ராஜாக்களும் உள்ளூர்ச் சீமான்கள் மாதிரி குதிரையில் வருவார்கள். ஸ்டாக்ஹோமின் நூர்டிஸ்கா அருங்காட்சியகத்தில் இவற்றின் தொகுப்பு இருக்கிறது. ஆசைக்கு 1960களின் அச்சுத் துணிகளை வாங்கிக்கொள்ளலாம், மலிவு.

பத்திரப்படுத்துவது சுலபம். வைக்கோலைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். அட்டைப்பெட்டியும் மெல்லிய காகிதமும் போதும். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் வாங்குமுன் அங்குள்ள தாவர இறக்குமதி விதியைப் பார்த்துவிடுங்கள். வைக்கோலையும் கதிரையும் பார்சலில் கண்டால் அங்கே சும்மா விடமாட்டார்கள்.