ஜெபம் பண்ணியும் தனிமை போகலைன்னு கேட்ட காசிமேட்டுத் தம்பிக்கு

தம்பி, துபாய் வந்து ரெண்டு மாசம் ஆச்சு, அல் கூஸ் கேம்ப்ல ஆறு பேர் ரூம், தினம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணியும் ராத்திரியானா அழுகையா வருது, என் விசுவாசம் குறைஞ்சுபோச்சாக்கான்னு கேட்டிருந்த. குறையலப்பா. முதல்ல அந்தப் பாரத்தை இறக்கி வை.

பைபிள்ல 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம் எடு. முந்தின அதிகாரத்துல கர்மேல் மலையில ஜெபம் பண்ணி அக்கினியை வரவெச்ச அதே எலியா தீர்க்கதரிசி, இங்க ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடி கீழ உக்காந்து, செத்தாப் போதும்ங்கிறார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணல. தட்டி எழுப்பி, தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் குடுத்தான். தின்னுட்டு மறுபடி படுத்துட்டார் மனுஷன். ரெண்டாந்தடவையும் சாப்பாடுதான். ஆண்டவர் பேசினது அதுக்கப்புறம், ஓரேப் மலையில. 88-ஆம் சங்கீதம் இன்னும் மோசம், கடைசில ஆறுதலே இல்லாம இருட்டுலயே முடியும். அதையும் வேதத்துல வெச்சிருக்காங்க இல்ல? அழுதுகிட்டே பண்ற ஜெபமும் ஜெபம்தான்.

அதனால நான் கேக்குறது, ராத்திரி என்ன சாப்பிடுற? குப்பூஸ் ரொட்டியும் டீயும்தானா? ரூம்ல ஒருத்தரோட சேர்ந்து சோறு பொங்கு.

ஊர் சபை ஆராதனையை போன்ல லைவ்ல பாக்குறேன்னு எழுதியிருந்த. பாரு, வேணாங்கல. ஊர்ல 7 மணின்னா இங்க 5:30, ஷிஃப்டுக்கு முன்னாடி பாத்துடலாம்தான். ஆனா பாட்டுல மனசு நிக்காது, அம்மா எந்த வரிசைல இருக்காங்கன்னு கண்ணு தேடும். முடிஞ்சதும் சுத்தி அதே பங்க் கட்டில், பெட்ஷீட் திரை. நான் ராயபுரத்துக்காரி. செவ்வாய்க்கிழமைன்னா பாரிஸ் கார்னர் அந்தோணியார் கோயில், பிப்ரவரி 11-ன்னா பெரம்பூர் லூர்து மாதா திருவிழான்னு வளந்தவ. நம்ம பக்கம் கோயிலுக்குத் தனியா யாரு போறா? வாசல்ல நாலு பேராவது "அம்மா வரலயா?"ன்னு கேப்பாங்க. உனக்கு இங்க இல்லாதது அந்த விசாரிப்புதான்னு எனக்குத் தோணுது. அதை போன் தராது.

இங்க துபாய்லயே ஊத் மேத்தா ஏரியாவுல செயின்ட் மேரீஸ் கத்தோலிக்கக் கோயில் இருக்கு. பக்கத்துலயே ஹோலி டிரினிட்டி சர்ச், அங்க பல நாட்டுச் சபைகள் முறை வெச்சு ஆராதனை நடத்துறாங்க. நீ பெந்தெகொஸ்தே, நான் ஆர்.சி., இங்க யாரும் அதைப் பெருசா பாக்கறதில்ல. லீவு ஞாயித்துக்கிழமை கிடைக்கலன்னு கவலைப்படாத. 2022-க்கு முன்னாடி இந்த ஊர் வார லீவே வெள்ளிக்கிழமைதான், எங்களுக்கெல்லாம் அதுதான் ஞாயிறு. இப்பவும் வெள்ளிக்கிழமை கோயில்ல கூட்டம் தாங்காது.

போனா, பாடி முடிச்சுட்டு ஓடி வந்துடாத. ஒரு வேலை கேட்டு வாங்கு, நாற்காலி அடுக்குறதோ பாட்டுப் புத்தகம் எடுத்து வைக்கிறதோ. நான் வந்த புதுசுல பூ வைக்கிற கூட்டத்துல போய் நின்னேன். தூத்துக்குடி அம்மா ஒருத்தங்க, பேரு கேக்கறதுக்கு முன்னாடியே வாடின செவ்வந்தியைக் கையில குடுத்து, "காம்பை நறுக்கும்மா, சாப்ட்டியா?"ன்னாங்க. அடுத்த வாரம் நான் போகல, அவங்க போன் பண்ணிட்டாங்க. சும்மா கும்பிட்டுட்டு வந்திருந்தா யாரு தேடியிருப்பா?

ரெண்டு விஷயத்துல உஷாரா இரு. ஆராதனையெல்லாம் அனுமதி உள்ள இடத்துல மட்டும். முஸ்லிம்கள்கிட்ட மதப் பிரசாரம் பண்றது, சுவிசேஷ நோட்டீஸ் குடுக்குறது இங்க சட்டப்படி குத்தம், ஊர் கன்வென்ஷன் கூட்டம் நெனப்புல இறங்கிடாத. அப்புறம், வாட்ஸ்அப்ல தீர்க்கதரிசனம் சொல்லி காணிக்கை அனுப்பச் சொல்றவங்களுக்கு ஒரு திர்ஹாம் குடுக்காத. தனியா இருக்கிறவங்களாப் பாத்துத்தான் வருவாங்க.

தூக்கமே இல்ல, எலியா கேட்ட மாதிரி செத்துடலாம்னு தோணுதுன்னா டாக்டர்கிட்ட போ. அது அவிசுவாசம் இல்ல. இந்தியத் தூதரகத்தோட உதவி மையம் இருக்கு, 800 46342, ராத்திரியும் எடுப்பாங்க, காசு கிடையாது.

கோயிலுக்கு, மெட்ரோ பச்சை லைன்ல ஊத் மேத்தா ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போயிடலாம். செயின்ட் மேரீஸ்ல தமிழ்ப் பூசையும் உண்டு, நேரம் மாறும், போறதுக்கு முன்னாடி பாத்துக்கோ. வெயில் இன்னும் இறங்கல, தண்ணி பாட்டில் எடுத்துக்கோ.