முயலைப் பகல் முழுவதும் வெளியே விடலாமா?

வாசகர் கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் தரை வீட்டில் வசிக்கிறோம். நாங்கள் வேலைக்குச் செல்லும் நாட்களில், எங்கள் இரண்டு வயது முயலைப் பின்புறப் புல்தரையில் கோழிவலை அடித்த கூண்டில் விட்டுச் செல்லலாமா?

பதில்: வேண்டாம். வலையைவிட எனக்குக் கவலை தருவது வெயில். முயலுக்கு வியர்க்காது, உடற்சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே வெளியேற்றும். பினாங்கில் பகல் வெப்பம் பெரும்பாலான நாட்களில் 30 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடுகிறது. முயலுக்கோ 28 டிகிரியைக் கடந்தாலே ஆபத்துதான். காலையில் நிழலாக இருந்த மூலை நண்பகலில் வெயிலில் கிடக்கும். கூண்டிலுள்ள முயலால் இடம் மாற முடியாது. முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, எச்சில் ஒழுகி மோவாய் மயிர் நனைந்திருந்தாலோ, காது தொட்டதும் சுட்டாலோ, உடனே நிழலுக்குத் தூக்கிவந்து, குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளை ஒற்றியபடியே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும்; நாயைத் தடுக்காது. தெருநாய் அதைப் பல்லால் இழுத்தே பிய்த்துவிடும். உங்கள் பகுதி மலையடிவாரம் என்பதால் மலைப்பாம்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையை மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் சேர்த்தே அடியுங்கள். முயல் தோண்டும் என்பதை மறந்து அடிப்புறத்தை விட்டுவிடுபவர்களே அதிகம். வலை தாங்கினாலும், வெளியே நாய் சுற்றிச்சுற்றிக் குரைத்தால், உள்ளே முயல் அச்சத்தில் உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும். ஆகவே எவ்வளவு நல்ல கூண்டானாலும் அருகில் ஆள் இருந்தாக வேண்டும்.

விடிந்ததும் ஒரு மணி நேரம், மாலையில் வெயில் தாழ்ந்தபின் சிறிது நேரம் என வைத்துக்கொள்ளுங்கள். அரளி, அல்லமாண்டா போன்ற செடிகள் எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) டெங்கிக் கொசுவுக்காகப் புகை அடித்தாலோ, பக்கத்து வீட்டார் களைக்கொல்லி தெளித்தாலோ, அந்தப் புல்லைத் தின்ன விடாதீர்கள். உள்ளே கொண்டுவரும்போது வாலைத் தூக்கிப் பாருங்கள்: அங்கு மயிர் ஈரமாகவோ அழுக்காகவோ இருந்தால் ஈ முட்டையிடும், ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

வேலை நாட்களில் காற்றாடி ஓடும் மொசைக் தரையே அதற்குப் போதும். உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டுச் செல்லுங்கள். சூடு தெரிந்தால், தானே வந்து அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.