பட்டி பூசினால் சுவர் மட்டமாகிவிடுமா?

கேள்வி: பழைய வீட்டில் ஒரு அறைக்கு மட்டும் புதிதாகப் பூச்சு வேலை செய்து இரண்டு மாதம் ஆகிறது. ட்யூப்லைட் போட்டால் சுவர் அலை அலையாகத் தெரிகிறது, ஜன்னலுக்குக் கீழே ஒரு இடம் குழியாகவே இருக்கிறது. பெயின்டர், "ரெண்டு கோட் பட்டி போட்டா எல்லாம் மறைஞ்சிடும்மா" என்கிறார். நம்பலாமா சார்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அலைக்கு நம்பலாம், அந்தக் குழிக்கு நம்பாதீர்கள். பட்டி என்பது பெயின்ட்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பூசும் மெல்லிய பூச்சுதான். வெள்ளை சிமென்ட் பட்டி இரண்டு கோட்டும் சேர்ந்தே ஒன்றரை மி.மீ. கனத்தைத் தாண்டக் கூடாது. குழியை நிரப்புகிறேன் என்று அப்பி வைத்தால் வெடிக்கும், இல்லையென்றால் பெயின்ட்டையும் சேர்த்துக்கொண்டு பாளமாக உரியும்.

முதலில் கொத்தனாரின் 6 அடி மட்டக்கட்டையைச் சுவரில் எல்லாப் பக்கமும் வைத்துப் பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிகிற இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டம் போடுங்கள். அப்படியே விரல் முட்டியால் தட்டியும் பாருங்கள், பொள்ளென்று சத்தம் வந்தால் பூச்சு செங்கல்லைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், அதை உடைத்துவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும், வேறு வழியே கிடையாது.

குழி விழுந்த இடத்தை உளியால் லேசாகக் கொத்தி, தூசியைத் துடைத்து, நன்றாக நனைத்து, சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) அடித்துவிட்டு, சலித்த மணலில் ஒன்றுக்கு நான்கு கலவை போட்டு மட்டக்கட்டையால் இழுக்கச் சொல்லுங்கள். மெல்லிய பூச்சு என்பதால் சிமென்ட் பாலில் ஒட்டுவதற்கான பாண்டிங் திரவம் கலந்துகொள்வது நல்லது. 7 நாள் தண்ணீர் காட்டி, அப்புறம் மூன்று வாரமாவது காய விடுங்கள். தீபாவளிக்குள் முடிக்கணும் என்று அவசரப்படுத்துவார்கள், தயவுசெய்து இந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேடாக இருக்கும் இடங்களைத் தேய்த்து இறக்கிவிட்டால் மீதி அலை பட்டியில் அடங்கும். வெள்ளை சிமென்ட் பட்டிக்கு முன்னால் பிரைமர் (பெயின்ட்டுக்கு அடியில் அடிக்கும் முதல் கோட்) வேண்டாம், சுவரில் தண்ணீர் தெளித்தால் போதும் (அக்ரிலிக் பட்டி என்றால் மட்டும் பிரைமர் முதலில்). காய்ந்ததும் 180 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும், அப்போது மூக்கைக் கட்டாமல் யாரும் அறைக்குள் நிற்க வேண்டாம்.

பட்டிக்கு மேல் பிரைமர் அடித்த பிறகு, ராத்திரியில் ஒரு பல்பைச் சுவரை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். குறை தெரிந்தால் அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள். பெயின்ட் மேட் வகையாக எடுங்கள், பளபளப்பு வகை சின்ன அலையைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.