மெர்க்கல் செல் புற்றுநோய் மூளைக்குப் போனால்: கேள்வி பதில்

நான் மூளை அறுவை சிகிச்சை மருத்துவர். ஓய்வுக்குப் பிறகு காரைக்குடியில் இருக்கிறேன். தோலில் வரும் இந்த அபூர்வப் புற்றுநோய் பற்றிப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கானாடுகாத்தான்: டாக்டர், எங்கள் ஐயாவுக்கு வயது 74. கன்னத்தில் வந்த மெர்க்கல் கட்டியை எடுத்துக் கரண்டும் (கதிர் சிகிச்சை) வைத்தார்கள். இப்போது இடது கை தளர்ந்துவிட்டது. மூளையில் நாலு செ.மீ. அளவில் ஒரே ஒரு கட்டி என்கிறது எம்.ஆர்.ஐ. தலையைத் திறந்தால் ஆள் தேறுவாரா?

முதலில் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஐயா எழுந்து நடந்து, தானே சாப்பிடுகிறாரா? உடம்பு முழுக்க நோயைத் தேடும் பெட் ஸ்கேனில் ஈரல், நுரையீரல், எலும்பெல்லாம் எப்படி இருக்கிறது? மற்ற இடங்களில் நோய் அடங்கியிருந்து, ஆளும் தெம்பாக இருந்தால், நாலு செ.மீ. ஒற்றைக் கட்டியை எடுப்பதுதான் என் கட்சி. வயதைக் காட்டிப் பயப்பட வேண்டாம்.

மெர்க்கல் மூளைக்குப் போவது அபூர்வம் என்பதால், மற்ற புற்றுநோய்களில் கற்றதை வைத்தே முடிவெடுக்கிறோம். 1990இல் அமெரிக்காவில் பாட்செல் என்ற மருத்துவரின் குழு, மூளையில் ஒற்றைக் கட்டி பரவிய 48 பேரை வைத்துச் செய்த ஆய்வு முக்கியமானது. கரண்ட் மட்டும் வைத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 15 வாரம். கட்டியை எடுத்துவிட்டு வைத்தவர்களுக்கு 40 வாரம். அன்றைக்கு இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இடது கை தளர்ந்தால் கட்டி வலது மூளையில், கையை அசைக்கும் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கும். எம்.ஆர்.ஐ. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கட்டிக்கு நேர் மேலே எலும்பை மட்டும் வட்டமாக எடுப்போம். மெல்லிய மின்தூண்டலைக் கொடுத்து, எந்த இடத்தைத் தொட்டால் கை துடிக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை விட்டு விலகிப் போவோம். பரவி வந்த கட்டிக்குப் பெரும்பாலும் ஓரம் தெளிவாகத் தெரியும். மூளையிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்த பிறகு, எலும்பைத் திரும்ப வைத்து டைட்டானியத் தகட்டால் பூட்டிவிடுவோம். ரத்தக்கசிவு, வலிப்பு, பலவீனம் கூடுவது ஆகிய ஆபத்துகள் உண்டு. கையெழுத்துப் போடும் முன் இவற்றைச் சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்.

தேவகோட்டை: அது என்ன மெர்க்கல்?

தோலில் தொடுவுணர்வோடு சம்பந்தப்பட்ட ஒரு செல்லை 1875இல் விவரித்தவர் ஃபிரெட்ரிக் மெர்க்கல். அந்தப் பெயரில் இன்று சொல்லப்படும் புற்றுநோயை 1972இல் டோக்கர் என்ற மருத்துவர் விவரித்தார். 2008இல் பாலியோமா வகை வைரஸ் ஒன்றையும் இதில் கண்டார்கள். வயதானவர்களுக்கு, வெயில் படும் முகத்திலும் கழுத்திலும், சிவந்தோ ஊதாவாகவோ வலியில்லாத உருண்டையாக வரும். வேகமாக வளரும். வலியில்லை என்று விட்டுவிடுவதுதான் வினை.

பள்ளத்தூர்: எங்கள் ஆச்சிக்கு மூன்று சின்னக் கட்டிகள். காமா கத்தி போதும் என்கிறார்கள். தலையை அறுப்பார்களா?

அறுக்கவே மாட்டார்கள், பெயரில்தான் கத்தி. ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் கொண்டுவந்த முறை இது. 1968இல் முதல் கருவி வேலை செய்யத் தொடங்கியது. கோபால்ட் கதிர்களைப் பல பக்கமிருந்தும் ஒரே புள்ளியில் சேர்ப்பார்கள். மெர்க்கல் கட்டி கதிருக்கு நன்றாகவே கேட்கும். மூன்றும் சின்னது, அழுத்தமும் இல்லை என்றால் ஆச்சிக்கு இதுவே சரி.

புதுவயல்: ஆடி பிறந்துவிட்டது, ஆவணியில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா? மாத்திரையில் அப்பாவுக்கு நன்றாக இருக்கிறதே.

கூடாது. அப்பா சாப்பிடுவது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையாக இருக்கும். அது மூளையின் வீக்கத்தைத்தான் வற்ற வைக்கிறது. தலைவலி போய், ஆள் தெளிவாகப் பேசுவார். வீட்டில் எல்லோரும் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். கட்டி அங்கேயேதான் வளர்ந்துகொண்டிருக்கும். இந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும், தினமும் பாருங்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது. காலையில் வாந்தி, எழுப்பினாலும் தூங்கி விழுவது, வலிப்பு, இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிங்கப்பூரிலிருந்து, கோட்டையூர்க்காரர்: அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. இனிமேல்?

ஆபரேஷன் கண்ணுக்குத் தெரிந்த கட்டியை எடுக்கிறது, நோயை முடித்துவிடுவதில்லை. எடுத்த குழியில் கதிர் வைக்காவிட்டால் அங்கேயே திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அப்புறம் இம்யூனோதெரபி. இந்த வகை மருந்துகளில், பரவிய மெர்க்கலுக்கு அவெலுமாப் 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, பெம்ப்ரோலிசுமாப் 2018இல். ஸ்டீராய்டு அதிகமாக ஓடினால் இந்த மருந்துகளின் வேலை மந்தப்படலாம் என்பதால், டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறாரா என்று கேளுங்கள். முதல் வருஷம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. வேண்டும்.

காரைக்குடி: மதுரைக்கா, சென்னைக்கா?

மூளை அழுத்தம் என்றால் மதுரை. அரசு ராஜாஜி மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. மருந்துக்கும் கதிருக்கும் அவசரமில்லாதபோது, 1954இல் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் ஆலோசனை கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

எங்கே போனாலும் முதல் பயாப்ஸி செய்த லேபிலிருந்து ரிப்போர்ட் மட்டும் போதாது. கட்டியின் சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நுரையீரலின் சிறுசெல் புற்றுநோயும் நுண்ணோக்கியில் கிட்டத்தட்ட இப்படியே இருக்கும். சிகே20 சாயம் உட்கருவுக்குப் பக்கத்தில் புள்ளியாக விழுந்து, டிடிஎஃப்1 சாயம் பிடிக்காமல் இருந்தால் மெர்க்கல் பக்கம் உறுதி கூடும். பிளாக்கை வெயிலில், காருக்குள் வைத்துவிடாதீர்கள். மெழுகு உருகிவிடும்.