கேள்வி – பதில்: கிரேடியன்ட் திசைகளில் ஒளிந்திருக்கும் பிழை

கேள்வி: மூளையில் நீர் பரவும் விதத்தை அளக்கும் டிஃபியூஷன் எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் டைகாம் கோப்புகளை (ஸ்கேனர் தரும் வடிவம்) நிஃப்டி வடிவத்துக்கு (ஆய்வு மென்பொருள்கள் படிக்கும் வடிவம்) மாற்றியபோது, பி-வேல் (டிஃபியூஷன் அளவீட்டின் வலிமை), பி-வெக் (காந்தப்புல கிரேடியன்ட் செலுத்தப்பட்ட திசைகள்) என்னும் இரண்டு சிறு கோப்புகளும் உடன் வந்தன. நீர்ப் பரவல் எந்த அளவுக்கு ஒரே திசையில் இருக்கிறது என்று காட்டும் எஃப்.ஏ. படம் தெளிவாக இருக்கிறது. திசையைக் காட்டும் வண்ணங்களும் சரியாகவே தெரிகின்றன. ஆனால் அத்திசைகளைத் தொடர்ந்து நரம்புப் பாதைகளை வரையும் டிராக்டோகிராஃபி செய்தால் நரம்பிழைகள் பாதி வழியில் அறுந்துவிடுகின்றன. கோளாறு எங்கே இருக்கக்கூடும்?

பதில்: பெரும்பாலும் பி-வெக் கோப்பின் ஏதேனும் ஓர் அச்சில் குறி தலைகீழாகியிருக்கும். எல்லாத் திசைகளிலும் ஓர் அச்சின் குறி மாறினாலும் டென்சரின் (ஒவ்வொரு புள்ளியிலும் பரவலை விவரிக்கும் அணி) ஐகன் மதிப்புகள் (அதன் முதன்மைத் திசைகளில் பரவலின் அளவுகள்) மாறுவதில்லை, ஆகவே அவற்றிலிருந்து கணக்கிடப்படும் எஃப்.ஏ. படம் இப்பிழையைக் காட்டிக்கொடுக்காது. வண்ணப் படமும் திசைக்கூறுகளின் குறியை விட்டு அளவை மட்டுமே எடுத்துக்கொள்வதால் அதுவும் காட்டாது. இந்தப் பிழையை நான் மிகவும் அஞ்சுவது இதனால்தான்.

டைகாமில் எக்ஸ் அச்சு நோயாளியின் இடப்பக்கமாகவும் ஒய் அச்சு முதுகுப்பக்கமாகவும் கூடுகின்றன. நிஃப்டியிலோ அவை வலப்பக்கமாகவும் முன்பக்கமாகவும் கூடுகின்றன. இதற்கு மேல், எஃப்.எஸ்.எல். என்னும் ஆய்வு மென்பொருள் தன் திசைகளை ஸ்கேனரின் அச்சுகளில் அல்லாமல் படிமத்தின் அச்சுகளிலேயே எதிர்பார்க்கிறது. படிமத்தின் அஃபைன் அணியின் (படிமப் புள்ளிகளை ஸ்கேனரின் இடங்களோடு இணைக்கும் அணி) டிடர்மினன்ட் (அணிக்கோவை) நேர்மறையாக இருந்தால் பி-வெக்கின் முதல் வரிசையின் குறியையும் மாற்றச் சொல்கிறது. மற்றொரு மென்பொருளான எம்.ஆர்.டிரிக்ஸ் திசைகளை ஸ்கேனர் அச்சுகளிலேயே, ஒவ்வொரு படிமத் தொகுதிக்கும் ஒரு வரியில் 4 எண்களாக (மூன்று திசைக்கூறுகளும் பி-வேல் மதிப்பும்) எழுதிவைக்கிறது. எனவே ஒன்றின் அட்டவணையை வரிசை, நிரல் மாற்றி மட்டும் மற்றொன்றுக்குக் கொடுப்பது போதாது. சாய்வாக எடுக்கப்பட்ட ஸ்கேனில் திசைகள் அனைத்தும் அச்சாய்வின் அளவுக்குப் பிசகிவிடும். மாற்றத்தைக் கையால் செய்யாமல் அந்தந்த மென்பொருளின் கட்டளையிடமே விடுங்கள்.

இப்பிழையைக் கண்டறிய, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்பிழைத் தொகுதியான கார்பஸ் கலோசத்தின் முன்வளைவைப் பெரிதாக்கி, முதன்மைத் திசைகளைச் சிறு கோடுகளாக வரைந்து பாருங்கள். கோடுகள் வளைவைத் தழுவிச் சென்றால் அந்தத் தளத்தின் அச்சுகளில் குறை இல்லை. வளைவைக் குறுக்கே வெட்டினால் குறி மாறியிருக்கிறது. ஒரே தளத்தோடு நிறுத்தாமல் மூன்று தளங்களிலும் இவ்வாறு பார்ப்பது அவசியம். எம்.ஆர்.டிரிக்ஸின் டிடபிள்யூஐ-கிராட்செக் கட்டளை, சாத்தியமான குறி மாற்றங்களையும் அச்சு இடமாற்றங்களையும் முயன்று, எதில் இழைகள் நீளமாக ஓடுகின்றன என்று கண்டு சொல்லும். ஆனாலும் கண்ணால் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்கேனின்போது தலை அசைந்திருந்தால் பி-வெக் கோப்பும் மாற வேண்டுமா?

பதில்: ஆம். அசைவைத் திருத்தப் படிமத்தைச் சுழற்றும்போது அதே சுழற்சியைத் திசைகளுக்கும் கொடுக்க வேண்டும். எஃப்.எஸ்.எல். மென்பொருளின் எடி கட்டளை சுழற்றப்பட்ட திசைகளைத் தனிக் கோப்பாகவே எழுதிவைக்கிறது. அடுத்த படிக்குப் பழைய பி-வெக்கைக் கொடுக்காமல் அந்தக் கோப்பையே கொடுங்கள்.